மனத்தை அளப்பதும் அளவை நம்புவதும்

மனிதனுடைய அறிவையும் குணத்தையும் எண்களால் குறிக்க முடியுமா என்று வாதிட்டவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலே ஏராளமாக இருந்தார்கள். ஆனால், அவ்வாறு குறித்த எண் மறுநாளும் அதே மனிதனிடத்தில் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன கணக்கு என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருடைய கேள்வியிலிருந்து கிளைத்ததுதான் மனோதத்துவச் சோதனைகளின் நம்பகத்தன்மையை ஆராயும் சாஸ்திரம். பள்ளியில் ஒரு குழந்தையைத் தனி வகுப்புக்கு அனுப்புவதும், ஓர் இளைஞனை உத்தியோகத்துக்குத் தேர்ந்தெடுப்பதும், மருத்துவமனையில் ஒருவருடைய துயரத்துக்கு நோய் என்று பெயர் சூட்டுவதும், ஒரு தேசத்தில் குற்றவாளி ஒருவனுக்கு மரண தண்டனை விதிக்கலாமா என்று நிர்ணயிப்பதும்கூட இத்தகைய எண்களை ஆதாரமாகக் கொண்டு நடைபெறுகிற இக்காலத்தில், அந்தச் சாஸ்திரம் நிபுணர்களின் தனிச்சொத்தாக இருந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அளக்கிற செயலிலேயே பிழை குடியிருக்கிறது என்பதை முதலில் கண்டுகொண்டவர்கள் மனோதத்துவ அறிஞர்கள் அல்லர், வானசாஸ்திரிகள். இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வுக்கூடத்தில் அரச வானசாஸ்திரியாக விளங்கிய நெவில் மாஸ்கலின், தம் உதவியாளராகிய டேவிட் கின்னிபுரூக், தொலைநோக்கியின் இழையை நட்சத்திரம் கடக்கும் கணத்தைத் தம்மைக் காட்டிலும் ஏறக்குறைய 0.8 விநாடி பிந்திக் குறிப்பதைக் கவனித்து, அதை அவருடைய அசிரத்தை என்று கொண்டு, 1796ஆம் ஆண்டில் வேலையிலிருந்து நீக்கினார். இந்தச் செய்தியைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு படித்த கோனிக்ஸ்பெர்க் நகரத்து வானசாஸ்திரி பெஸல், தம்மையும் தம்மைப் போன்ற தேர்ந்த நோக்குநர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, எவ்வளவு சிரத்தையுள்ளவராக இருந்தாலும் ஒருவருக்கொருவர் இத்தகைய வித்தியாசம் இருந்தே தீரும் என்பதை நிறுவினார். கின்னிபுரூக்குக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதில் இன்று ஐயமில்லை. அளவு முறையின் இயல்பாக இருந்த ஒன்றை ஒரு மனிதனுடைய குற்றமாக எண்ணியதே அந்த அநீதியின் வேர். மனத்தை அளக்கும் கலையில் அதே வேரிலிருந்து எத்தனையோ கிளைகள் முளைத்திருக்கின்றன.

பிழைகளுள் ஒருபுறமாகவே சாயும் நிலையான பிழை ஒரு வகை. ஒரு முறை கூட்டியும் மறுமுறை குறைத்தும் காட்டி, பலமுறை அளந்து சராசரி கண்டால் தன்னைத் தானே ஈடுசெய்துகொள்ளும் தற்செயல் பிழை மற்றொரு வகை. பின்னதற்கும் ஒரு நியதி உண்டு என்பதைக் கௌஸ் 1809இல் கணித முறையில் வகுத்துக் காட்டினார். அந்த நியதியைக் கல்வித் துறைக்குள் கொண்டுவந்தவர் பொருளாதார அறிஞரான எட்ஜ்வர்த். பரீட்சைகளின் புள்ளியியலைப் பற்றி 1888இல் அவர் எழுதிய கட்டுரையில், ஒரு விடைத்தாளுக்குத் தகுதி வாய்ந்த பல பரீட்சகர்கள் தனித்தனியே இடும் மதிப்பெண்களின் சராசரியையே அதன் உண்மையான மதிப்பாகக் கொள்ள வேண்டும் என்றும், தனியொரு பரீட்சகர் இடுகிற மதிப்பெண், நட்சத்திரத்தை ஒரே முறை நோக்கிக் குறித்த எண்ணைப் போலவே பிழைக்கு உட்பட்டது என்றும் வாதிட்டார். அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர், 1913இல், ஒரே வடிவகணித விடைத்தாளின் பிரதிகளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தபோது, அதற்குக் கிடைத்த மதிப்பெண்கள் 28இலிருந்து 90க்கும் மேல்வரை பரந்து கிடந்தன. இலக்கியக் கட்டுரையானால் ரசனை வேறுபடும் என்று சமாதானம் சொல்லலாம். வடிவகணிதத்திலும் இந்த நிலை என்பதுதான் அக்காலத்து ஆசிரிய உலகத்தைத் திடுக்கிடச் செய்தது.

எனினும், இந்தச் சிந்தனைகளை ஒரு சித்தாந்தமாகத் திரட்டித் தந்த பெருமை சார்லஸ் ஸ்பியர்மனையே சாரும். ஆங்கிலேயப் படையில் பல ஆண்டுகள் அதிகாரியாக இருந்து, நடுவயதை நெருங்கும்போது அந்த வாழ்வைத் துறந்து, ஜெர்மனியில் லைப்ஸிக் நகருக்குச் சென்று வுண்ட் என்னும் ஆசானிடம் மனோதத்துவம் பயின்ற அவர், 1904இல் அமெரிக்க மனோதத்துவப் பத்திரிகை ஒன்றில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகளை வெளியிட்டார். அவருக்குச் சற்று முன்பு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிளார்க் விஸ்லர் என்பவர், தம் ஆசிரியரான கட்டெல் வகுத்த மனச் சோதனைகளின் முடிவுகளை மாணவர்களின் பாட மதிப்பெண்களோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் ஏறக்குறைய எந்தச் சம்பந்தமும் இல்லை என்று 1901இல் அறிவித்திருந்தார். மன அளவு என்ற முயற்சியே வீண் என்று பலர் அதைக் கொண்டு முடிவு கட்டினர். ஸ்பியர்மன் அந்த முடிவின் அடித்தளத்தையே பரிசோதித்தார். இரண்டு பொருள்களை அளக்கும்போது ஒவ்வோர் அளவிலும் தற்செயல் பிழை கலந்திருக்குமானால், அவற்றுக்கிடையே உண்மையில் எவ்வளவு நெருக்கமான உறவு இருந்தாலும், கணக்கில் அந்த உறவு மெலிந்தே தோன்றும் என்பது அவர் கண்ட உண்மை. இரண்டு அளவுகளும் எவ்வளவு நம்பத்தக்கவை என்று காட்டும் எண்களாகிய நம்பகக் கெழுக்கள் முறையே 0.81, 0.64 என்று வைத்துக்கொண்டால், அவற்றினிடையே நேரில் காணப்படும் ஒட்டுறவு 0.36 ஆக இருக்கும்போது, பிழையை நீக்கிப் பார்த்தால் கிடைக்கும் ஒட்டுறவு 0.50 ஆகும். இயற்கையில் இருப்பது ஒன்று, கருவியின் வழியே தெரிவது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கணக்கிட வேண்டுமானால் கருவி எவ்வளவு நம்பத்தக்கது என்பதை முதலில் அறிந்தாக வேண்டும். நம்பகத்தன்மையை அளக்க வேண்டிய அவசியம் இவ்விதமாகவே எழுந்தது.

ஸ்பியர்மனின் வழியில் வந்தவர்கள் கட்டியெழுப்பிய சித்தாந்தத்தின் மையக் கருத்தைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். ஒருவர் சோதனையில் பெறுகிற மதிப்பெண், அவருடைய மெய்யளவும் தற்செயல் பிழையும் கூடிய ஒரு தொகை. ஒரு கூட்டத்தாரின் மதிப்பெண்கள் ஆளுக்கு ஆள் எவ்வளவு விரிந்து கிடக்கின்றன என்பதைப் பரவற்படி என்ற அளவால் குறித்தால், அதில் மெய்யளவின் வேறுபாட்டால் வந்த பங்கு எவ்வளவோ, அதுவே அச்சோதனையின் நம்பகக் கெழு. கெழு 0.91 என்றால், நாம் காணும் வேறுபாட்டில் 100க்கு 91 பங்கு மனிதர்களிடையே உள்ள மெய்யான வேறுபாடு. மீதி 9 பங்கு அன்றைய தூக்கக் குறைவு, வினாவைத் தவறாக வாசித்தது, ஊகித்து எழுதிய விடை பலித்தது முதலியவற்றின் விளைவு. ஆனால் மெய்யளவை யாரும் கண்ணால் கண்டதில்லை. 1968இல் லார்ட், நோவிக் என்ற இருவர் எழுதிய பெருநூல், லாஸார்ஸ்ஃபெல்ட் என்ற சமூகவியலாளரின் கற்பனை ஒன்றைத் துணைக்கொண்டு இதனை விளக்குகிறது: பிரவுன் என்ற ஒருவரிடம் ஐக்கிய நாடுகள் சபையை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டு, விடையைக் குறித்துக்கொண்டு, கேட்ட நினைவே இல்லாதபடி அவர் மூளையைக் கழுவிவிட்டு, மீண்டும் அதே கேள்வியைக் கேட்டு, இவ்வாறே பல்லாயிரம் முறை செய்தால் கிடைக்கும் விடைகளின் சராசரி எதுவோ அதுவே அவருடைய மெய்யளவு. நடக்க முடியாத இந்தச் சோதனைக்குப் பதிலாக, நடக்கக்கூடிய எந்தச் சோதனையை வைத்துக்கொள்வது என்ற பிரச்சினையே பின்வந்த அறிஞர்களின் உழைப்பு முழுவதையும் ஆட்கொண்டது.

அதே சோதனையைச் சில வாரங்கள் கழித்து அதே மனிதர்களுக்கு மீண்டும் நடத்தி, இரண்டு மதிப்பெண்களுக்கும் உள்ள ஒட்டுறவைக் காண்பது யாருக்கும் முதலில் தோன்றக்கூடிய முறை. இடைவெளி குறுகியதாக இருந்தால் முதல்நாள் எழுதிய விடைகள் நினைவில் நின்று பொய்யான உறுதியைத் தரும். நீண்டதாக இருந்தால் மனிதனே மாறிவிடுவான், குறிப்பாகக் குழந்தை வளர்ந்துவிடும். அந்த மாற்றத்தையும் பிழை என்று கணக்கெழுதுவது நியாயம் ஆகாது. இந்தச் சங்கடத்தைத் தவிர்க்க, ஒரே தரத்தில், ஒரே வகை வினாக்களால் ஆன இரண்டு இணைச் சோதனைகளை ஆக்கிவைத்துக்கொள்ளலாம். டெர்மனும் மாட் மெரிலும் 1937இல் ஸ்டான்போர்டு-பினே நுண்ணறிவுச் சோதனையைத் திருத்தியபோது, தத்தம் முதற்பெயரின் முதலெழுத்தால் எல் என்றும் எம் என்றும் பெயரிட்டு இரண்டு வடிவங்களை வெளியிட்டதும் இதற்காகத்தான். ஒரு நல்ல சோதனையை ஆக்குவதற்கே ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்க, ஒன்றுக்கொன்று சமானமான இரண்டை ஆக்குவது எல்லோருக்கும் கைகூடுவதன்று.

இருக்கிற ஒரே சோதனையை ஒரே முறை நடத்தி, ஒற்றைப்படை வினாக்களை ஒரு பாதியாகவும் இரட்டைப்படை வினாக்களை மறு பாதியாகவும் பிரித்து ஒப்பிடும் இருபாதி முறை இந்த இடத்தில்தான் பிறந்தது. பாதிச் சோதனையின் கெழுவிலிருந்து முழுச் சோதனையின் கெழுவைக் கணிக்கும் வாய்பாட்டை ஸ்பியர்மனும், அவரோடு பல விஷயங்களில் மாறுபட்டவரான வில்லியம் பிரவுனும், 1910இல் ஒரே பத்திரிகையின் ஒரே தொகுதியில் தனித்தனியே வெளியிட்டார்கள். இன்றளவும் இருவர் பெயராலும் வழங்கும் அந்த வாய்பாடு, நம்பகத்தன்மைக்கும் சோதனையின் நீளத்துக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக்குகிறது. கெழு 0.60 உள்ள ஒரு சோதனையை அதே தரமுள்ள வினாக்களால் இரண்டு மடங்காக நீட்டினால் கெழு 0.75 ஆகும், நான்கு மடங்காக நீட்டினால் ஏறக்குறைய 0.86 ஆகும், அதற்கு மேல் ஒவ்வொரு சிறு உயர்வுக்கும் பெரும் விலை கொடுக்க வேண்டும். பத்தே வினாக்களால் ஆளுமையை அறிந்து சொல்வதாக முழங்கும் விளம்பரங்களை மதிப்பிட இந்த ஒரு வாய்பாடே போதும்.

இருபாதி முறையில் ஒரு குறை உண்டு. வினாக்களை வேறுவிதமாகப் பிரித்தால் வேறு கெழு வரும். சரி, தவறு என்று மட்டும் திருத்தப்படும் சோதனைகளுக்கு இந்தக் குறையை நீக்கிய வாய்பாட்டைக் கூடரும் ரிச்சர்ட்ஸனும் 1937இல் தந்தார்கள். அவர்கள் கட்டுரையில் அது இருபதாவது வாய்பாடாக இருந்ததால் இன்றுவரை இருபது என்ற எண்ணையே பெயராகச் சுமந்து நிற்கிறது. பல படிகளில் மதிப்பிடப்படும் வினாக்களுக்கும் பொருந்துமாறு அதனைப் பொதுமைப்படுத்தி, சாத்தியமான எல்லாப் பிரிவுகளின் சராசரியாக விளக்கி, ஆல்பா என்று பெயரிட்டு 1951இல் பிரசுரித்தவர் லீ கிரான்பாக். டெர்மன் தொடங்கிய மேதைக் குழந்தைகள் ஆய்வில் சிறுவயதிலேயே ஒரு குழந்தையாகச் சேர்க்கப்பட்டவர் அவர்; அளக்கப்பட்டவரே பின்னர் அளவின் இலக்கணத்தை எழுதினார் என்பது மனோதத்துவ வரலாற்றில் விசேஷமான ஒரு பொருத்தம். அதே வாய்பாட்டுக்கு ஈடான ஒன்றைக் கட்மன் 1945இலேயே கண்டிருந்தார். ஆயினும் உலகம் கிரான்பாக்கின் பெயரையே அதற்குச் சூட்டியது. அவருக்கே அது சங்கடமாக இருந்தது.

ஆல்பாவைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் அதைப் போல எங்கும் பரவிய கெழுவும் இல்லை, அதைப் போலத் தவறாகப் பொருள் கொள்ளப்படும் கெழுவும் இல்லை. ஆல்பா உயர்ந்திருந்தால் சோதனை ஒரே பண்பை அளக்கிறது என்று பொருள்படுத்துவது மிகப் பரவலான வழக்கம். 40 வினாக்கள் கொண்ட ஒரு சோதனையில் எந்த இரண்டு வினாக்களை எடுத்தாலும் அவற்றின் சராசரி ஒட்டுறவு வெறும் 0.10 தான் என்று கொள்வோம். ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும் அத்தகைய வினாக்களின் தொகுதிக்கும் ஆல்பா 0.82ஐ நெருங்கி வந்துவிடும்; வினாக்களின் எண்ணிக்கையே அதை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. மறுபுறம், எனக்கு மனம் சோர்வாக இருக்கிறது, என் மனம் சோர்ந்திருக்கிறது, சோர்வு என் மனத்தில் நிறைந்திருக்கிறது என்று ஒரே கேள்வியை வேறுவேறு சொற்களில் கேட்டாலும் ஆல்பா உயரும், அறிவு உயராது. இவற்றைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. ஒரே அமர்வில் கிடைத்த விடைகளைக் கொண்டே ஆல்பாவைக் கணக்கிடுவதால், அன்று ஒருவருக்கு இருந்த காய்ச்சலும் கவலையும் எல்லா வினாக்களையும் சேர்ந்தே பாதித்து, பிழை என்ற கணக்கில் வராமல் மெய்யளவு என்ற கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. கிரான்பாக் 2001இல் காலமானார். அவர் இறுதிக் காலத்தில் சொல்லிவைத்து 2004இல் வெளியான கட்டுரையில், அளவின் பிழையை ஆராய ஆல்பாவே சிறந்த வழி என்று தாம் இனிக் கருதவில்லை என்றும், ஒருவருடைய மதிப்பெண்ணில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்று காட்டும் திட்டப் பிழையை அறிவிப்பதே அதனினும் முக்கியம் என்றும் தெளிவாகக் கூறினார். வாய்பாட்டை உலகுக்கு அளித்தவரே இவ்வாறு கூறிய பின்னும், ஆல்பா 0.70ஐத் தாண்டிவிட்டது என்ற ஒரு வரியோடு நம்பகத்தன்மை விவகாரத்தை முடித்துவிடும் ஆய்வேடுகள் ஆண்டுதோறும் குவிந்த வண்ணம் இருப்பது வருந்தத்தக்கது. அந்த 0.70 என்ற எல்லைக்கு மேற்கோளாகக் காட்டப்படும் நன்னலி என்ற அறிஞரோ, ஆராய்ச்சியின் தொடக்க நிலைக்குத்தான் அதைச் சொன்னார். தனிமனிதனுடைய வாழ்வைப் பாதிக்கும் முடிவுகளுக்கு 0.90கூடக் குறைந்தபட்சமே என்றும், 0.95 இருப்பதே விரும்பத்தக்கது என்றும் அவர் சொன்னதைப் பலர் வாசிப்பதில்லை.

கிரான்பாக்கின் பிற்கால உழைப்பு ஆல்பாவைக் காட்டிலும் ஆழமானது என்று நான் கருதுகிறேன். 1957இல் அவரும் கோல்டின் கிளேசரும் அளவியல் முழுமைக்கும் ஒரு கைநூல் எழுதத் திட்டமிட்டு, நம்பகத்தன்மை என்ற பகுதி ஏற்கெனவே நன்கு ஆராயப்பட்டு முடிந்த விஷயமாதலால் அதைச் சில வாரங்களில் முடித்துவிட்டு மேலே செல்லலாம் என்று தொடங்கினார்கள். அந்தப் பகுதியை விட்டு அவர்களால் வெளியேறவே முடியவில்லை. ஹரிந்தர் நந்தா, நாகேஸ்வரி இராஜரத்தினம் ஆகிய இருவரும் சேர்ந்து, நால்வர் பெயரோடும் 1972இல் அந்த நூல் வெளிவந்தபோது, அதன் பொருள் முழுவதும் நம்பகத்தன்மையாகவே இருந்தது. தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு பெண்மணி, 1960களிலேயே இத்துறையின் அடிப்படைக் கட்டுரைகளில் பங்குகொண்டிருந்தார் என்பதை நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும். பிழை என்பது ஒரே பொருள் அன்று என்பது அந்நூலின் சாரம். வினாக்களின் தேர்வால் வரும் பிழை வேறு, நாளுக்கு நாள் வரும் பிழை வேறு, திருத்துபவருக்குத் திருத்துபவர் வரும் பிழை வேறு; ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்தளந்து, எந்த முடிவுக்காகச் சோதனையைப் பயன்படுத்துகிறோமோ அந்த முடிவைக் கெடுக்கக்கூடிய பிழை எது என்று பார்த்து, அதைக் குறைக்க வினாக்களைக் கூட்டுவதா, நாட்களைக் கூட்டுவதா, திருத்துபவர்களைக் கூட்டுவதா என்று தீர்மானிக்க வேண்டும்.

திருத்துபவரால் வரும் பிழை மருத்துவத் துறையில் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். இருவர் தற்செயலாக ஒத்துப்போகக்கூடிய அளவைக் கழித்துவிட்டு, மீதமுள்ள உடன்பாட்டை மட்டும் காட்டும் கப்பா என்ற கெழுவை ஜேக்கப் கோஹன் 1960இல் வகுத்தார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்புக்காக நடத்திய கள ஆய்வில், ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்தபோது, பெரும் மனச்சோர்வு என்ற நோயைப் பொறுத்தவரை அவர்களிடையே இருந்த உடன்பாடு 0.28 என்று 2013இல் வெளியிட்டது. உலகிலேயே மிக அதிகமாகச் சொல்லப்படும் மனநோய்ப் பெயர்களுள் ஒன்றின் நிலை இது.

நம்பகத்தன்மை இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்குப் போதாது என்பதே விடை. அடிப்பக்கம் தட்டிக் குறைக்கப்பட்ட மரக்கால், எத்தனை முறை அளந்தாலும் ஒரே அளவு நெல்லைத்தான் தரும். அதன் நம்பகத்தன்மையில் குறையே இல்லை. ஆனாலும் அது கள்ள மரக்கால். அதுபோல, ஒரு சோதனை தான் அளப்பதாகச் சொல்லும் பண்பையே அளக்கிறதா என்பது ஏற்புடைமை என்ற தனி விசாரணைக்கு உரியது. ஆனால் அளக்கும்தோறும் ஆடுகிற கருவி எதையும் சரியாக அளக்க இயலாது. எந்தச் சோதனையும் வேறெந்த அளவோடும் தன் நம்பகக் கெழுவின் வர்க்கமூலத்துக்கு மேற்பட்ட ஒட்டுறவைப் பெற முடியாது என்று ஸ்பியர்மன் வழிவந்த கணிதமே நிரூபிக்கிறது.

இனி, தனிமனிதனுக்கு நேராகப் பயன்படும் கணக்குக்கு வருவோம். கெழு கூட்டத்தைப் பற்றியது. திட்டப் பிழையோ ஒருவருடைய மதிப்பெண்ணைப் பற்றியது. சோதனையின் திட்ட விலக்கத்தை, அதாவது மதிப்பெண்களுடைய பரவற்படியின் வர்க்கமூலத்தை, ஒன்றிலிருந்து கெழுவைக் கழித்துவந்த மீதியின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். திட்ட விலக்கம் 15 ஆகவும் கெழு 0.91 ஆகவும் உள்ள ஒரு நுண்ணறிவுச் சோதனைக்குத் திட்டப் பிழை 4.5. அதாவது, 100 என்று மதிப்பெண் பெற்ற ஒருவருடைய மெய்யளவு ஏறக்குறைய 91க்கும் 109க்கும் இடையே எங்கோ இருக்கிறது என்று மட்டுமே 100க்கு 95 பங்கு நிச்சயத்தோடு சொல்லலாம். கெழு 0.91 என்பது எந்த அளவுகோலாலும் உயர்ந்த கெழு. அந்த உயர்ந்த கெழுவே இத்தனை அகலமான இடைவெளியை விட்டுவைக்கிறது.

இந்த இடைவெளி ஒரு மனிதனுடைய உயிரைப் பற்றிய வழக்காக அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உடையவர்களுக்கு மரண தண்டனையை நிறைவேற்றுவது அந்நாட்டு அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2002இல் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஃபுளோரிடா மாநிலமோ, நுண்ணறிவு ஈவு 70க்கு மேல் ஓர் எண் இருந்தாலும் போதும், குறைபாட்டைக் காட்டும் வேறெந்தச் சான்றையும் பார்க்க வேண்டியதில்லை என்ற விதியைக் கையாண்டது. 1978இல் நிகழ்ந்த ஒரு கொலைக்காக மரண தண்டனை பெற்றிருந்த ஃபிரெடி லீ ஹால் என்பவருடைய மதிப்பெண்களுள் விசாரணை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டவை 71 முதல் 80 வரை இருந்தன. 71 என்ற எண்ணை 71 என்றே வாசிக்க வேண்டும் என்றது மாநிலம். அது 66க்கும் 76க்கும் இடைப்பட்ட ஒரு வீச்சைக் குறிப்பது என்றது அளவியல். 2014ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் தேதி, ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக, நீதிபதி ஆந்தனி கென்னடி எழுதிய தீர்ப்பு, சோதனையை ஆக்கியவர்களே ஒப்புக்கொள்ளும் பிழையை மாநிலம் கண்டுகொள்ளாமல் இருப்பது சாசனத்துக்கு ஒவ்வாது என்று கூறி அந்த விதியைத் தள்ளியது. 2016இல் ஃபுளோரிடா உச்சநீதிமன்றம் ஹாலின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. அவர் செய்த கொடுமைக்கு நான் பரிந்து பேசவில்லை. நூறாண்டுகளுக்கு முன் ஸ்பியர்மன் தொடங்கிவைத்த கணக்கு, ஒரு தேசத்தின் உச்சநீதிமன்றத்தில் சட்டமாக நின்றது என்பதையே சுட்டுகிறேன்.

நம் நாட்டுக்கு இந்த விஷயத்தில் கூடுதலான பொறுப்பு உண்டு. கெழு என்பது சோதனைத்தாளில் பொறிக்கப்பட்டு, போகுமிடமெல்லாம் கூடவே வரும் முத்திரை அன்று. எந்த மக்களிடம், எந்த மொழியில், எந்தச் சூழ்நிலையில் சோதனை நடந்ததோ அதற்கு மட்டுமே அது உரியது. மேலே சொன்ன 0.91 கெழுவுள்ள சோதனையை, அறிவுத் திறத்தில் ஒருவருக்கொருவர் அதிகம் வேறுபடாத, திட்ட விலக்கம் 7.5 மட்டுமே உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மாணவர் குழுவுக்கு நடத்தினால், பிழை அப்படியே இருக்க, கெழு 0.64க்கு இறங்கிவிடும். காமத் 1940இல் பினே சோதனையைக் கன்னடத்துக்கும் மராத்திக்கும் ஏற்ப மாற்றியமைத்ததும், பாட்டியா எழுத்தறியாதவர்களுக்கும் பயன்படும் செயற்சோதனைகளை இந்தியச் சூழலில் உருவாக்கி 1955இல் வெளியிட்டதும், மேல்நாட்டு எண்களை இங்கே இறக்குமதி செய்ய முடியாது என்று உணர்ந்த பெரியோர்களின் உழைப்பு. அந்த உழைப்பைப் பின்பற்றாமல், ஆங்கில வினாப்பட்டியலைத் தமிழில் பெயர்த்து நம் மாணவர்களிடம் கொடுத்துவிட்டு, மூலத்துக்கு அமெரிக்காவில் கண்ட கெழுவையே எடுத்தெழுதிக்கொள்ளும் ஆய்வேடுகள் நம் பல்கலைக்கழகங்களில் இன்னும் வருகின்றன. அதை ஆய்வு என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆய்வேட்டில் நேரும் பிழை அலமாரியோடு போய்விடும். சான்றிதழில் நேரும் பிழை வீட்டுக்கு வருகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டபோது, அதன் முக்கியமான சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்ற வரம்பு வைக்கப்பட்டது. அதையொட்டி 2018இல் வெளியான மத்திய அரசின் வழிகாட்டி நெறிகள், அறிவுவளர்ச்சிக் குறைபாட்டை மதிப்பிடச் சமூக முதிர்ச்சி அளவை என்ற கருவியைக் குறிப்பிட்டு, அதில் 55 முதல் 69 வரை பெறும் குழந்தைக்கு 50 சதவீதம் என்றும், 70 முதல் 84 வரை பெறும் குழந்தைக்கு 25 சதவீதம் என்றும் வகுத்தன. அந்த நெறிகளின்படி, 69க்கும் 70க்கும் நடுவே உள்ள ஒரே ஓர் எண், ஒரு குடும்பத்தைச் சலுகைகளின் எல்லைக்கு உள்ளேயோ வெளியேயோ நிறுத்திவிடக்கூடியதாக இருந்தது. அந்த அளவையோ, குழந்தை என்னென்ன செய்கிறது என்று பெற்றோரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நிரப்பப்படுவது. தாய் சொல்லும் விடையும் பாட்டி சொல்லும் விடையும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நிர்வாகத்துக்கு ஏதாவது ஓர் எல்லை தேவை என்பதை மறுக்கவில்லை. அந்த எல்லையின் அருகே வந்து நிற்கும் குழந்தைக்கு, அளவின் பிழையையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும் நியாயம் கிடைக்க வேண்டும் என்பதே கோரிக்கை. ஆகவே, சான்றிதழ் எழுதும் மருத்துவர்களும் உளவியலாளர்களும் எண்ணின் பக்கத்தில் அதன் திட்டப் பிழையையும் எழுதுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வரம்பை ஒட்டி விழும் குழந்தையை வேறொரு நாளில், இயன்றால் வேறொருவரைக் கொண்டு, மறுபடியும் சோதிக்க வேண்டும். தங்கள் கையில் தரப்படும் காகிதத்தில் அந்த இரண்டாவது எண் இல்லாவிட்டால், பெற்றோர் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.